அலங்காரத்துக்குப் போட்ட கிளிஞ்சல்: ஒரு மென்னீர்த் தொட்டியின் நூறு நாள்

நன்னீர்த் தொட்டியில் கடல் கிளிஞ்சல் போடலாமா என்று கேட்டால், ‘தண்ணீர் உப்பாகிவிடும்’ என்பதுதான் பலரும் சொல்லும் பதில். இங்கே பதிவாகும் தொட்டியில் உப்பு ஏறவே இல்லை. ஏறியது சுண்ணாம்பு, அதுவும் ஆறு வாரம் யார் கண்ணிலும் படாமல். அந்த நிலையில் ஒரு சங்குக்குள் அழுகிக் கிடந்த சதையும் சேர்ந்துகொண்டபோது மீன்கள் செத்தன. சுண்ணாம்பும் சதையும் தனித்தனிக் கோளாறுகள். ஆனால் முதலாவது இல்லாமல் இருந்திருந்தால் இரண்டாவது இவ்வளவு கடுமையாகத் தாக்கியிருக்காது. தொட்டி வைத்திருப்பவரும், அவர் உதவிக்கு அழைத்த அனுபவசாலியும் குறித்துவைத்த அளவுகளின்படி நடந்தது கீழே நாள்வரிசையில் வருகிறது.

பின்னணி

தொட்டி 90 × 40 × 40 செ.மீ. மணலும் கட்டையும் அடைக்கும் இடம் போக நிற்கும் தண்ணீர் சுமார் 120 லிட்டர். ஒன்றரை ஆண்டாகச் சிக்கல் இல்லாமல் ஓடிய தொட்டி. கேனிஸ்டர் ஃபில்டர் ஒன்று, வெப்பம் 27 செல்சியஸ். கார்டினல் டெட்ரா 20, கோரிடோரஸ் 6, ஒரு ஜோடி நீல ராம். மூன்றுமே மென்னீர், அதாவது சுண்ணாம்புச் சத்து குறைந்த தண்ணீரில் வாழும் மீன்கள். செடிகளில் டோனினா இருந்தது. கடின நீரை அது பொறுக்காது என்பது செடி வளர்ப்பவர்களுக்குத் தெரியும்.

குழாய்த் தண்ணீரின் ஜி.எச். (கால்சியம், மக்னீசியம் சேர்ந்த மொத்தக் கடினத்தன்மை) 12 டிகிரி, கே.எச். (பைகார்பனேட்டின் அளவு) 8 டிகிரி. அதை அப்படியே ஊற்ற முடியாது என்பதால் ஆர்.ஓ. தண்ணீர் 3 பங்கு, குழாய்த் தண்ணீர் 1 பங்கு என்று கலந்து, ஜி.எச். 3, கே.எச். 2 என்ற அளவில் வைத்திருந்தார். வாரம் ஒருமுறை 30 லிட்டர் மாற்றுவார். செடிகளுக்காகப் பகலில் 8 மணி நேரம் கரியமில வாயு ஓடும். இரவில் டைமர் அதை நிறுத்திவிட்டு ஏர் ஸ்டோனை ஓட்டும். மாலையில் பி.எச். 6.6 இருக்கும்.

இந்தக் கடைசி எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் பின்னால் நடந்தது புரியும். பி.எச். தானாக நிற்பதில்லை. தண்ணீரில் உள்ள பைகார்பனேட், அதாவது கே.எச்., அதை மேலே இழுக்கும். கரைந்திருக்கும் கரியமில வாயு கீழே இழுக்கும். கே.எச். 2 ஆக இருந்து வாயு லிட்டருக்கு 15 மி.கி. இருந்தால் பி.எச். 6.6. வாயு அதே அளவில் இருக்கும்போது கே.எச். 7 ஆனாலும் பி.எச். 7.1 வரைதான் போகும். மாலையில் மட்டும் பி.எச். பார்ப்பவருக்கு இது சின்ன நகர்வாகத்தான் தெரியும். கரியமில வாயுவின் அளவை நிறத்தால் காட்ட, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் டிராப் செக்கரோ முழுக்கப் பச்சையாகவே இருக்கும். அதற்குள் இருப்பது கே.எச். 4 என்று அளவாகத் தயாரித்த தனிக் கரைசல். தொட்டியின் கே.எச். எவ்வளவு ஏறினாலும் அதற்குத் தெரியாது.

நாள் 1: கிளிஞ்சல் உள்ளே போனது

தொட்டியின் முன்பகுதியில் மணலுக்கு மேல் 1.6 கிலோ கிளிஞ்சல் பரப்பப்பட்டது. பெரும்பகுதி இரட்டை ஓட்டுச் சிப்பிகள், கொஞ்சம் சோழி. சோழிகளில் சில பளபளப்புக்காக வார்னிஷ் பூசியவை. எல்லாவற்றையும் வெந்நீரில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, நாலு முறை அலசித்தான் போட்டார். சுத்தத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் தேய்த்துப் போவது அழுக்கு மட்டும்தான். கிளிஞ்சலே கால்சியம் கார்பனேட். சுட்டால் சுண்ணாம்பாகும் பொருள். கரியமில வாயு கரைந்த மென்னீரில் சுடாமலே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கால்சியமாகவும் பைகார்பனேட்டாகவும் பிரியும். கால்சியம் ஜி.எச்.சை ஏற்றும், பைகார்பனேட் கே.எச்.சை ஏற்றும். இரண்டும் சம அளவில் ஏறுவதுதான் கிளிஞ்சலின் கைரேகை.

அன்று பி.எச். மட்டும் பார்க்கப்பட்டது: 6.6. கே.எச். டெஸ்ட் கிட் வீட்டிலேயே இருந்தும் திறக்கப்படவில்லை.

நாள் 2 முதல் 37 வரை: தெரிந்தும் கவனிக்காத அறிகுறிகள்

முதல் அறிகுறி ராம்களிடமிருந்து வந்தது. நாள் 16-இல் தட்டைக் கல்லில் முட்டையிட்டன. இதற்கு முன் மூன்று முறை இட்ட முட்டைகளும் மூன்றாம் நாளில் பொரித்திருந்தன. இந்த முறை நாள் 18 காலையில் முட்டைகள் ஏறக்குறைய எல்லாமே பால்வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்திருந்தன. பெற்றோர் மீன்களின் தவறாக இருக்கும் என்று விட்டுவிட்டார். ஒரு முறைக்கு அப்படி நினைப்பதில் பிழையில்லை. மென்னீர் மீன்களின் முட்டை கடின நீரில் சரியாகப் பொரிக்காது என்பது தெரிந்திருந்தால், அந்த இடத்திலேயே தண்ணீரை அளந்திருக்கலாம்.

நாள் 25 வாக்கில் நீர்மட்டக் கோட்டை ஒட்டிக் கண்ணாடியில் வெள்ளைப் படிவு கட்டத் தொடங்கியது. ஆர்.ஓ. கலந்த தண்ணீர் ஓடிய ஒன்றரை ஆண்டில் இந்தக் கறை வந்ததே இல்லை. டோனினாவின் நுனி மஞ்சளித்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. இரும்புச் சத்து போதவில்லை என்று நினைத்து உரம் கூட்டினார். அதனால் செடி தேறவில்லை, கிளிஞ்சல் மேல் பாசிதான் தடித்தது. வெள்ளையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுப் போட்ட கிளிஞ்சல் நான்கே வாரத்தில் பழுப்பும் பச்சையுமாக ஆயிற்று. ஒளியும் உரமும் உள்ள தொட்டியில் வேறு விதமாக நடக்காது.

நாள் 30 மாலையில் பி.எச். 7.1. நிற அட்டையில் மஞ்சள் கலந்த பச்சைக்கும் இளம்பச்சைக்கும் உள்ள வித்தியாசம்தான். ஆனாலும் ஏறியிருக்கிறது என்று கவனித்தார், அது நல்ல கண். அதற்குச் செய்த மருத்துவம்தான் தவறாயிற்று. பி.எச். குறைக்கும் அமிலக் கரைசலை வாரம் இரண்டு முறை ஊற்றினார். ஊற்றிய மாலை 6.7 காட்டும், இரண்டு நாளில் மறுபடி 7.1. ஊற்றிய அமிலம் தண்ணீரிலிருந்த பைகார்பனேட்டைக் கரியமில வாயுவாக்கும், அந்த வாயு இரவில் ஏர் ஸ்டோன் குமிழிகளோடு வெளியேறிவிடும். குறைந்த பைகார்பனேட்டை ஈடுகட்ட 1.6 கிலோ கிளிஞ்சல் உள்ளேயே காத்திருக்கிறது. அமிலம் ஊற்றும் ஒவ்வொரு முறையும் கிளிஞ்சல் இன்னும் கொஞ்சம் கரைந்ததுதான் மிச்சம். கிளிஞ்சல் கிடக்கும் தொட்டியில் அமிலத்தை ஊற்றிப் பி.எச்.சைப் பிடித்து வைக்க முடியாது.

நாள் 38: சங்கும், கழுவிய பஞ்சும்

நாள் 38-இல் சுமார் 20 செ.மீ. நீளச் சங்கு ஒன்று சேர்ந்தது, எடை 500 கிராம். வெளியே நன்றாகத் தேய்த்தும், உள்ளே கொதிநீர் ஊற்றிக் குலுக்கியும் கழுவப்பட்டது. வாடை எதுவும் இல்லை என்பது அவர் குறிப்பு. உலர்ந்த சங்கில் வாடை வராது. உச்சியை ஒட்டிய கடைசிச் சுருள்களில் சதை காய்ந்து தோல்போல ஒட்டியிருக்கும். தண்ணீரில் ஊறிய பிறகுதான் அது அழுகி அம்மோனியாவை விடத் தொடங்கும்.

அதே நாளில் ஃபில்டரின் பஞ்சுகள் எல்லாவற்றையும் ஓடும் குழாய்த் தண்ணீரில் பிழிந்து கழுவினார். குளோரின் உள்ள தண்ணீர் அது. பஞ்சில் குடியிருந்து அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவில் எவ்வளவு போயிற்று என்று அளக்க வழியில்லை. ஆனால் நாலு நாள் கழித்து நடந்ததைச் சங்கின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை என்பதால் இதையும் பதிவு செய்கிறோம்.

நாள் 42: காலையும் மாலையும்

நாள் 41 காலையில் டெட்ராக்கள் நீர்மட்டத்தில் நின்று வேகமாகச் செவுள் அடித்தன. மாலையில் வழக்கம்போல் உணவுக்கு ஓடிவந்தன. நாள் 42 காலையில் இரண்டு டெட்ரா செத்துக் கிடந்தன. ராம்கள் கறுத்து, துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நின்றன. தண்ணீரில் மெல்லிய பால் கலங்கல். தொட்டி வைத்திருப்பவர் அனுபவசாலியை அழைத்துச் சொன்னது இதுதான்: “சாயங்காலம் பார்த்தா நல்லாத்தான் இருக்கு அண்ணே. காலைல வந்து பார்த்தா எல்லாம் மேலேயே நிக்குது. டி.டி.எஸ். ரெண்டு மடங்காயிடுச்சு, கிளிஞ்சல்ல இருந்த உப்புதான் இறங்கிடுச்சு போல.” கிடைத்த பதில்: “உப்பை விடுங்க தம்பி. கே.எச். பார்த்தீங்களா?”

காலை 7 மணிக்கு எடுத்த அளவுகள்: பி.எச். 7.7, கே.எச். 7, ஜி.எச். 9, மொத்த அம்மோனியா லிட்டருக்கு 1 மி.கி., நைட்ரைட் (அம்மோனியாவைப் பாக்டீரியா தின்னும்போது உண்டாவது, அதுவும் மீனுக்கு நஞ்சு) 0.25 மி.கி. தண்ணீரில் கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் பழைய அளவு 95, இப்போது 195. ஊற்றும் கலப்புத் தண்ணீரையும் தனியாக அளந்தார்கள். ஜி.எச். 3, கே.எச். 2 என்று அது மாறாமல் இருந்தது. ஆக, ஏற்றம் முழுவதும் தொட்டிக்குள்ளேயே நடந்திருக்கிறது.

உப்பு என்ற ஐயம் இந்த எண்களிலேயே தீர்ந்தது. கே.எச். 5 டிகிரி ஏறினால் மீட்டரில் ஏறக்குறைய 100 கூடும். மீட்டர் காட்டிய கூடுதலும் அதுவே. உப்புக்கு அங்கே இடமே இல்லை. உப்பு ஜி.எச்., கே.எச். இரண்டையும் தொடுவதுமில்லை. ஜி.எச். 6 டிகிரி, கே.எச். 5 டிகிரி என்று ஏறியிருந்ததில் உள்ள ஒரு டிகிரி வித்தியாசம் ஊற்றிய அமிலத்தின் தடயமாக இருக்கலாம். அமிலம் கே.எச்.சைத் தின்னும், கால்சியத்தைத் தொடாது. ஆனால் ஒரு சொட்டுக்கு ஒரு டிகிரி என்று எண்ணும் கிட்டில் ஒரு டிகிரி என்பது பிழை எல்லைக்குள் அடங்கும். அதன் மேல் எதையும் கட்டவில்லை.

ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 17.85 மி.கி. கால்சியம் கார்பனேட். 120 லிட்டருக்கு 2.14 கிராம். வாராவாரம் மாற்றிய தண்ணீரோடு வெளியே போனதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆறு வாரத்தில் கரைந்தது சுமார் 20 கிராம். போட்ட 1.6 கிலோவில் இது நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு. கிளிஞ்சலைக் கையில் எடுத்துப் பார்த்தால் கரைந்திருப்பதாகவே தோன்றாது. தண்ணீரின் கே.எச். மட்டும் 2-லிருந்து 7-க்குப் போயிருக்கிறது.

காலையில் திணறலும் மாலையில் தெளிவும் ஏன்? காலைத் திணறல் என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஆக்சிஜன் குறைவு. இங்கே இரவு முழுக்க ஏர் ஸ்டோன் ஓடியிருக்கிறது. கரியமில வாயு மிகுந்திருந்தால் திணறல் மாலையில்தான் வரும். மிஞ்சியது அம்மோனியா. டெஸ்ட் கிட் காட்டும் ‘மொத்த அம்மோனியா’வில் பெரும்பங்கு அம்மோனியம் அயனி, அது அவ்வளவு தீங்கு செய்யாது. மீனின் செவுளைச் சுடுவது அயனியாகாத அம்மோனியா. பி.எச். ஏற ஏற அதன் பங்கு கூடும். 27 செல்சியஸில் பி.எச். 6.6 என்றால் மொத்தத்தில் 0.26 சதவீதம், 7.1-இல் 0.8 சதவீதம், 7.7-இல் 3.2 சதவீதம். ஆக மொத்தம் 1 மி.கி. இருக்கும்போது மாலையில் 0.008 மி.கி., இரவில் வாயு வெளியேறிப் பி.எச். ஏறிய பின் விடியற்காலையில் 0.032 மி.கி. மீன் வளர்ப்பில் 0.02 மி.கி.-யைத் தாண்டினால் ஆபத்து என்று கொள்வது வழக்கம். ஒவ்வொரு விடியலிலும் மீன்கள் அந்த வரம்புக்கு மேலே இருந்திருக்கின்றன, மாலையில் கீழே. பழையபடி கே.எச். 2-ஆக இருந்திருந்தால், வாயு குறைந்த அந்த விடியலிலும் பி.எச். 7.2-ஐ ஒட்டி நின்றிருக்கும். அளவு 0.01-ஐ ஒட்டியே இருந்திருக்கும்.

அன்று எடுத்த முடிவுகள்

முதலில் சங்கு வெளியே வந்தது. தூக்கும்போது உள்ளே இருப்பது தொட்டிக்குள் கொட்டிவிடாமல் இருக்க, தண்ணீருக்குள் வைத்தே ஒரு பிளாஸ்டிக் பைக்குள் நுழைத்து, பையின் வாயைப் பிடித்துக்கொண்டு தூக்கினார்கள். வாளியில் கவிழ்த்தபோது முதலில் தெளிந்த தண்ணீர்தான் வந்தது. இன்னொரு சுற்று திருப்பியதும் சாம்பல் நிறத் தண்ணீர், அதன் பின்னால் கறுப்புக் குழம்பு, கூமுட்டை வாடையோடு. வளைத்த கம்பியால் இழுத்தபோது விரல்நுனி அளவுச் சதைத் துண்டுகள் நாலைந்து வந்தன. காற்றுப் புகாத சுருளில் அழுகல் நடந்தால் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். அந்தத் தண்ணீர் தொட்டியில் கொட்டாமல் போனது நல்லதாயிற்று.

அடுத்து 60 லிட்டர் தண்ணீர் மாற்றம். வழக்கமான மென்னீரை ஊற்றியிருந்தால் ஜி.எச். ஒரே மணி நேரத்தில் 9-லிருந்து 6-க்கு இறங்கியிருக்கும். செவுள் புண்பட்ட மீனுக்கு உப்புச் சமநிலையைக் காப்பதே பெரும்பாடு. கடினத்தன்மை ஏறுவதைவிட இறங்குவதுதான் அதற்கு அதிக அடி. ஆகவே அன்றைய கலவையைத் தலைகீழாக்கினார்கள். ஆர்.ஓ. 1 பங்கு, குழாய்த் தண்ணீர் 3 பங்கு. ஜி.எச். 9, கே.எச். 6. தொட்டிக்கு ஏறக்குறைய சமம். பி.எச். இறங்காது என்று தெரிந்தே செய்தது இது. அம்மோனியா பாதியாகிவிடும், அது போதும் என்ற கணக்கு. குளோரினை நீக்குவதோடு அம்மோனியாவையும் கட்டும் வகைக் கண்டிஷனரை 120 லிட்டருக்கும் கணக்கிட்டு ஊற்றினார்கள். இதைப் போட்ட பிறகு அம்மோனியா அளக்கும் சாலிசிலேட் கிட், கட்டப்பட்ட அம்மோனியாவையும் சேர்த்தே காட்டும். கிட் எண் குறையவில்லையே என்று மேலும் மேலும் கண்டிஷனர் ஊற்றக் கூடாது.

கரியமில வாயுவை ஓட்டுவதா நிறுத்துவதா என்பதில்தான் நெடுநேரம் பேச்சு நடந்தது. ஓட்டினால் பி.எச். இறங்கி அம்மோனியாவின் வீரியம் குறையும். ஆனால் புண்பட்ட செவுளால் இரத்தத்திலுள்ள கரியமில வாயுவை வெளியேற்றுவதே கடினம், தண்ணீரிலும் அது கூடினால் மீன் மேலும் திணறும். நிறுத்திவிட்டு ஏர் ஸ்டோனை 24 மணி நேரமும் ஓட்டுவது என்று முடிவாயிற்று. அந்தச் சூழலில் வேறு முடிவு எடுப்பவரும் இருக்கலாம். தண்ணீர் மாற்றி அம்மோனியாவை நீர்க்கச் செய்வது கைவசம் இருந்ததால் இந்த முடிவு சரி என்றே கருதுகிறோம். உணவு மூன்று நாள் நிறுத்தப்பட்டது. நைட்ரைட் தலைதூக்கியதால் 120 லிட்டருக்கு 12 கிராம் அயோடின் சேர்க்காத உப்பு. அதிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள்வழி உள்ளே நுழைவதைத் தடுக்கும். இந்த அளவு டெட்ராவுக்கோ கோரிடோரஸுக்கோ கெடுதல் செய்யாது.

சிறு கிளிஞ்சல்களை அன்றே அள்ளிவிட வேண்டும் என்று தொட்டி வைத்திருப்பவர் துடித்தார். அனுபவசாலி தடுத்தார். அள்ளுவதால் அன்றைய கடினத்தன்மை இறங்காது. அள்ளும்போது அடியில் தங்கிய வண்டல் கிளம்பும். பஞ்சு கழுவப்பட்ட நிலையில், ஆறு வாரமாகக் கிளிஞ்சல் மேல் படிந்திருக்கும் பாக்டீரியாப் படலமும் தொட்டிக்கு அப்போது தேவை. இந்தத் தடுப்பு, எங்கள் கணிப்பில், அன்று எடுத்த முடிவுகளில் மிக முக்கியமானது.

நாள் 43 முதல் 54 வரை: மூன்று வாளிச் சோதனை

நாள் 43-இல் இன்னொரு டெட்ரா செத்தது. அம்மோனியா 0.5. சம கடினத்தன்மையுள்ள தண்ணீரில் மேலும் 48 லிட்டர் மாற்றம். நாள் 45-இல் 0.25, நாள் 48-இல் பூஜ்யம். நைட்ரைட் 0.5 வரை போய் நாள் 52-இல் தீர்ந்தது. நாள் 46, 50, 54 என்று மூன்று தவணையில், பக்கத்திலேயே சைஃபன் குழாயைப் பிடித்து வண்டலை உறிஞ்சிக்கொண்டே, கிளிஞ்சல்கள் வெளியேறின.

முதல் தவணையில் வந்தவை வார்னிஷ் பூசிய சோழிகள். ஒன்றைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தபோது, வாய்ப் பக்கப் பற்களை ஒட்டி வார்னிஷ் வெங்காயத் தோல்போலக் கிளம்பி நின்றது. நகத்தால் தூக்கியதும் ஒரே வீச்சில் உரிந்தது. அடியில் விரலில் ஒட்டும் வெள்ளை மாவு. மேற்புறத்தில் விட்ட வினிகர்ச் சொட்டு பொங்கவில்லை, உரிந்த இடத்தில் உடனே நுரைத்தது. பூச்சு போட்டால் கரையாது என்று நம்புவோர் கவனிக்க வேண்டியது இது. பூச்சு எங்கே முடிகிறதோ அங்கே தண்ணீர் உள்ளே புகுந்து அடியிலிருந்து கரைக்கும். உரியும் பூச்சை மீன் கொத்தும் என்பது தனிக் கவலை.

இதனிடையே நாள் 44-இல் மூன்று வாளிகளில் சோதனை தொடங்கியது. ஒவ்வொன்றிலும் 10 லிட்டர் கலப்புத் தண்ணீர், கே.எச். 2. முதல் வாளியில் ஏர் ஸ்டோன் மட்டும். இரண்டாவதில் ஏர் ஸ்டோனும் 200 கிராம் கிளிஞ்சலும். மூன்றாவதில் 200 கிராம் கிளிஞ்சலோடு, சர்க்கரையும் ஈஸ்டும் போட்ட பாட்டிலிலிருந்து வரும் கரியமில வாயு. ஏழு நாள் கழித்துக் கே.எச்.: முதல் வாளி 2, இரண்டாவது 3, மூன்றாவது 6.

கிளிஞ்சல் போடுமுன் ‘ஒரு வாளியில் ஒரு வாரம் போட்டுப் பார்’ என்பது பரவலாகச் சொல்லப்படும் யோசனை. இரண்டாவது வாளியோடு நிறுத்தியிருந்தால் ‘ஒரு டிகிரிதானே’ என்று தொட்டியில் போட்டுவிடத் தோன்றும். வெறும் காற்று ஓடும் வாளியில் கரியமில வாயு மிகக் குறைவு, பி.எச். 8-ஐ ஒட்டி நிற்கும், கிளிஞ்சல் கரைய மறுக்கும். தொட்டியிலோ மீனின் மூச்சு, கட்டையிலிருந்து இறங்கும் அமிலம், செடிக்கு விடும் வாயு எல்லாம் உண்டு. சோதிப்பதானால் மூன்றாவது வாளிபோலச் சோதிக்க வேண்டும்.

நாள் 55 முதல் 98 வரை: மெல்ல இறக்கியது

கிளிஞ்சல் முழுக்க வெளியேறிய பின்தான் கடினத்தன்மையை இறக்கத் தொடங்கினார்கள். வழக்கமான 3:1 கலவையில் வாரம் இரண்டு முறை 18 லிட்டர் வீதம் மாற்றம். வெறும் ஆர்.ஓ. ஊற்றினால் விரைவில் முடியும், ஆனால் அவசரம் எதுவும் இல்லை. ஒவ்வொரு மாற்றத்திலும் இறக்கம் ஒரு டிகிரிக்குள் அடங்கியது. 4 மாற்றங்களில் ஜி.எச். 6, 8 மாற்றங்களில் 5-க்குக் கீழே, 12 மாற்றங்கள் முடிந்த நாள் 96-இல் ஜி.எச். 4, கே.எச். 3. கரியமில வாயு நாள் 56-இல் குறைந்த அளவில் திரும்ப ஓடத் தொடங்கி, ஒரு வாரத்தில் பழைய அளவுக்கு வந்தது. கண்ணாடியின் வெள்ளைப் படிவைத் தண்ணீர் இறக்கிய நேரத்தில் வினிகர் நனைத்த துணியால் துடைத்தார்கள். வினிகர் தொட்டிக்குள் வழியாமல் ஈரத்துணியால் இன்னொரு முறை துடைத்த பிறகே தண்ணீர் ஊற்றினார்கள்.

மொத்த இழப்பு 3 டெட்ரா. ராம்கள் நாள் 50 வாக்கில் நிறம் திரும்பின. டோனினாவின் பழைய தண்டுகள் தேறவில்லை. வெட்டி நட்ட நுனிகளில் நாள் 85-க்குப் பிறகு நேரான புது இலை வந்தது. நாள் 93-இல் ராம்கள் இட்ட முட்டைகள் நாள் 96-இல் பொரித்தன.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இந்தத் தொட்டியில் கிளிஞ்சலே போட்டிருக்கக் கூடாது என்பதில் இரண்டாம் கருத்து இல்லை. மென்னீர், கரியமில வாயு, மென்னீர் மீன் மூன்றும் சேர்ந்த இடம் அது. தோற்றத்துக்கு வேண்டுமென்றால் ரெசின் அல்லது பீங்கானில் செய்த கிளிஞ்சல் உண்டு. வாங்கியதும் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டு, நுரைக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டால் போதும்.

அளப்பதில் இரண்டு திருத்தங்கள். கல், மணல், ஓடு என எது புதிதாகத் தொட்டிக்குள் போனாலும், போடுமுன் ஒரு கே.எச்., பிறகு ஆறு வாரத்துக்கு வாரம் ஒரு கே.எச். பி.எச்.சை விளக்கு எரியுமுன் காலையிலும் பார்க்க வேண்டும். கரியமில வாயு ஓடும் தொட்டியில் மாலைப் பி.எச். வாயுவின் கதையைத்தான் சொல்லும். நாள் 10-இல் ஒரே ஒரு கே.எச். சோதனை நடந்திருந்தால் 4 காட்டியிருக்கும், அங்கேயே முடிந்திருக்கும். கே.எச். தெரியாமல் பி.எச். குறைக்கும் கரைசலைத் திறக்கவும் கூடாது.

புதிதாக எதையாவது போடும் நாளில் ஃபில்டரில் கை வைக்காமல், இரண்டுக்கும் நடுவே இரண்டு வாரமாவது விட வேண்டும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலச வேண்டும், அதுவும் பாதிப் பஞ்சை மட்டும்.

கடின நீர்த் தொட்டிக்குச் சுருள் ஓடுகளைப் போடுகிறவர்கள் சங்கை அரை மணி நேரம் கொதிக்கவைத்தால் போதும் என்று இருக்க வேண்டாம். கொதித்த சதையைக் கம்பியால் இழுத்து எடுத்து, பிளீச் 1 பங்குக்குத் தண்ணீர் 9 பங்கு கலந்து ஒரு நாள் ஊறவைத்து, நன்றாக அலசி, குளோரின் நீக்கி கலந்த தண்ணீரில் மறுநாள் ஊறவைத்து, ஒரு வாரம் உலர்த்த வேண்டும். பிறகு மூன்று நாள் மூடிய வாளித் தண்ணீரில் வைத்து முகர்ந்து பார்க்க வேண்டும். கொதித்த சங்கை எடுக்கும்போது சுருளுக்குள் தங்கிய கொதிநீர் திடீரென்று கையில் கொட்டும். இடுக்கியால் பிடித்து, வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து எடுப்பது நல்லது. பிளீச்சும் வினிகரும் ஒருபோதும் ஒன்று சேரக் கூடாது, நச்சு வாயு வரும். உச்சியில் 6 மி.மீ. துளை ஒன்று போட்டால் உள்ளே நீரோட்டம் இருக்கும். குறுகிய சுருளுக்குள் நுழைந்து திரும்ப முடியாமல் சிக்கும் மீன்களும் உண்டு. சங்கின் வாய், தொட்டியிலுள்ள மீன் நுழையவே முடியாத அளவுக்குச் சிறியதாகவோ உள்ளே போய்த் திரும்பும் அளவுக்குப் பெரியதாகவோ இருக்க வேண்டும்.

கிளிஞ்சலுக்குப் பொருத்தமான நன்னீர்த் தொட்டிகளும் உண்டு. மோலி, கப்பி, பிளாட்டி போன்றவை கடின நீரில் செழிப்பவை. டாங்கனிக்கா ஏரியின் ஓட்டுவாசிச் சிக்லிட்கள் காலி நத்தை ஓட்டில்தான் குடியிருந்து குஞ்சு பொரிக்கும். அந்த ஏரியின் பி.எச். 8.6-க்கும் மேல். கே.எச். பூஜ்யத்தை ஒட்டிப் போய்ப் பி.எச். சரியும் தொட்டிகளில், வலைப் பையில் ஒரு கைப்பிடி கிளிஞ்சல் துண்டை ஃபில்டரில் வைத்து வேண்டுமென்றே கரையவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வாராவாரம் அளந்து, வேண்டிய கே.எச். வந்ததும் பையை வெளியே எடுத்துவிடுவார்கள்.

இந்த நிகழ்வில் வெளியே வந்த கிளிஞ்சல்களில் வார்னிஷ் இல்லாதவை, மேற்சொன்ன முறையில் சுத்தமாகி, அதே வீட்டில் குழாய்த் தண்ணீரில் ஓடும் கப்பித் தொட்டிக்குப் போயின. கரியமில வாயு கிடையாது, கே.எச். 8, பி.எச். 7.9. எட்டு வாரம் கழித்து அளந்தபோதும் கே.எச். 8-இலேயே இருந்தது. சங்கு எந்தத் தொட்டிக்கும் திரும்பவில்லை. இரண்டாம் முறை கொதிக்கவைத்தபோதும் கம்பியில் ஒரு துண்டு வந்தது.